டவர் செத்தாலும் பேசும் ரேடியோ

கொல்லிமலை பைல் நாட்டுல ரெண்டு நாள் கரண்ட் இல்லன்னு வச்சுக்கோங்க. டவர் பேட்டரி தீர்ந்ததும் ஃபுல் சார்ஜ் போனும் ஊமைதான். பக்கத்து ஊருக்குப் பேசவும் அதுக்கு டவர் வேணும். ஹாம் ரேடியோவுக்கு வேண்டாம்.

அதுக்கு நான் சொல்ற சாட்சி, 2004 டிசம்பர் 26. சுனாமியில அந்தமான் நிக்கோபாரில் பல இடங்களில் போன் தொடர்பு அறுந்தது. ஹாம் ரேடியோ ஆர்வலர் பாரதி பிரசாத்தும் குழுவும் அப்போ போர்ட் பிளேர்ல இருந்தாங்க. உலகத்தோட அரட்டை அடிக்கக் கொண்டுபோன கருவி, 'உயிரோட இருக்கோம்'னு வீட்டுக்குச் சேதி சொல்ற கருவியாச்சு. சிற்றலை வளிமண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும். 1,000 கிலோமீட்டர் கடலையும் தாண்டும். கார் பேட்டரியே போதும்.

70 கொண்டை ஊசி வளைவுக்கு மேல இருக்கிற ஊருக்கும் இதே கணக்குதான். ஆனா தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கின ஒருத்தர் முன்னாடியே அங்க இருக்கணும். புயல் வந்தப்புறம் கத்துக்க முடியாது.