இரண்டு பக்தசபைகள் கட்டிய கல்லூரி

நம் பங்கில் பக்தசபைகளுக்கு என்றுமே குறைவிருந்ததில்லை. சபைக் கூட்டம், சந்தா, திருநாளன்று கொடி பிடித்துச் சுற்றுப்பிரகாரம், அங்கத்தினர் ஒருவர் இறந்தால் அடக்கத்திற்குப் போதல், ஆத்தும இளைப்பாற்றிக்குப் பூசை ஒப்புக்கொடுத்தல் - இவையெல்லாம் நமக்குப் பழகிய காரியங்கள். இதே காரியங்களைச் செய்துவந்த இரண்டு சபைகள் ஒன்றுகூடி ஒரு பெரிய பல்கலைக்கழகக் கல்லூரியையே நிறுவின என்றால் நம்மில் பலர் வியப்படைவோம். இங்கிலாந்து தேசத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் அது நடந்தது. அக்கல்லூரியின் பெயர் கார்ப்பஸ் கிறிஸ்டி, அதாவது கிறிஸ்துவின் திருவுடல்.

ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் உள்ள பழைய கல்லூரிகளை அரசர்கள், அரசிகள், ஆயர்கள், பிரபுக்கள் ஆகியோர் ஏற்படுத்தினார்கள். நகரத்து மக்களே கூடி ஏற்படுத்திய கல்லூரி இது ஒன்றுதான். ஒன்று தேவமாதா சபை. புனித மரியாள் கோவிலைச் சார்ந்தது. 13-ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. மற்றது நற்கருணைச் சபை, புனித பெனடிக்ட் கோவிலைச் சார்ந்தது, வயதில் இளையது. இவற்றில் ஆண்களும் பெண்களும் அங்கத்தினராயிருந்தார்கள்.

1348-இல் இங்கிலாந்தில் நுழைந்த கொள்ளைநோய் 1349-இல் கேம்பிரிட்ஜையும் தாக்கியது. வீட்டுக்கு வீடு சாவு. குருக்களும் மடிந்தார்கள். இறந்த அங்கத்தினருக்குப் பூசை வைப்பது சபையின் முதற்கடமை. ஆனால் பூசை வைக்கக் குருக்கள் எங்கே? எஞ்சியிருந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டிய காணிக்கையும் ஏறிவிட்டது. ஆகவே, படித்த குருக்களை உருவாக்கவும், அவர்களே சபையாரின் ஆத்துமங்களுக்காக என்றென்றும் மன்றாடவும் ஒரு கல்லூரி வேண்டும் என்று சபையார் முடிவு செய்தார்கள் என வரலாற்றாசிரியர்கள் கூறுவர். இரு சபைகளும் ஒன்றாயின. அரசருக்கு உறவினரான லங்காஸ்டர் கோமகன் ஹென்றி சபைக்குத் தலைவராகி ஆதரவளிக்க, 1352-இல் மூன்றாம் எட்வர்டு அரசரின் அனுமதிப் பட்டயம் கிடைத்தது. தொடக்கத்தில் ஒரு தலைவரும் இரண்டு ஆசிரியர்களும் மட்டுமே இருந்தார்கள். இடம்? அங்கத்தினர்கள் கொடுத்த வீட்டுமனைகளே. தனிக் கோவில் கட்டப் பணமில்லை. பக்கத்திலிருந்த பங்குக் கோவிலே இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லூரியின் கோவிலாயிருந்தது. இதனால் ஊரார் வெகுகாலம் அதனைப் 'பெனட் கல்லூரி' என்றே அழைத்தார்கள்.

இவற்றை நாம் இன்று அறிவதற்குக் காரணம் சபையாரின் பழைய சுவடிகளே. இறந்த அங்கத்தினரின் பெயர்களைக் கோவிலில் வாசித்து மன்றாடுவதற்காக எழுதிய பெயர்ச் சுருள், கூட்டக் குறிப்புகள், நுழைவுக் கட்டணக் கணக்கு ஆகியவை கல்லூரியிலேயே தங்கின. மேரி பேட்சன் என்ற வரலாற்று அறிஞர் 1903-இல் அவற்றை அச்சேற்றினார். வேறெந்தச் சரித்திரத்திலும் இடம்பெறாத கடைக்காரரும் அவர் மனைவியும் அதில் இடம்பெற்றிருக்கிறார்கள், சந்தா கட்டியதனால்! (நம் சபைகளின் பொருளாளர்கள் இதைக் கவனிப்பார்களாக.)

கல்லூரிக்குச் சொத்துகள் சேர்ந்தன. கிராண்ட்செஸ்டர் கிராமத்துக் கோவிலின் உரிமை வந்தது. 1359-இல் நகருக்கு வடக்கே சுமார் 5 மைல் தொலைவிலுள்ள லாண்ட்பீச் கிராமத்தில் ஒரு பண்ணை வாங்கப்பட்டது. நகரத்து வீடுகள் பலவற்றிலிருந்தும் வாடகை வந்தது. இவற்றுள் 'மெழுகுதிரி வாடகை' என்று ஒன்றிருந்தது. தம் ஆத்துமத்திற்காகக் கோவிலில் திரி எரிய வேண்டும், பூசை நடக்க வேண்டும் என்று விரும்பியவர்கள், தம் வீட்டின்மீது ஆண்டுதோறும் இவ்வளவு செலுத்தப்பட வேண்டும் என்று எழுதிவைத்துப் போனார்கள். எழுதியவர் இறந்துபோனார், வாடகை இறக்கவில்லை. வீடு கைமாறினாலும் அது வீட்டோடேயே போயிற்று.

இந்த இடத்தில்தான் கதை கசக்கிறது. தாத்தா பக்தியோடு கொடுத்தது பேரனுக்குப் பாரமாயிற்று. அவரை முகமறியாத எவனோ அந்த வீட்டை வாங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். 1381-இல் இங்கிலாந்தெங்கும் குடியானவர் கிளர்ச்சி வெடித்தது. அவ்வாண்டு நற்கருணைத் திருநாள் ஜூன் 13, வியாழக்கிழமை. இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமையன்று, கேம்பிரிட்ஜ் மக்கள் திரண்டு, நற்கருணையின் பெயர் தாங்கிய கல்லூரிக்குள்ளேயே புகுந்தார்கள். நகர மேயரும் கூட்டத்தோடு இருந்தார். வெள்ளிப் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டார்கள்; பத்திரங்களையும் பட்டயங்களையும் வாரிச்சென்றார்கள். மறுநாள் பல்கலைக்கழகத்தின் சாசனங்கள் சந்தைத் திடலில் எரிந்தன. மார்ஜரி ஸ்டார் என்ற கிழவி சாம்பலை அள்ளிக் காற்றில் தூவி, படித்தவர்களின் படிப்பு ஒழியட்டும் என்று கூவினாளாம்.

தங்கள் பாட்டனார் சேர்ந்து கட்டிய கல்லூரியை 29 ஆண்டுகளுக்குள் அதே ஊரார் சூறையாடினார்கள். யாரைக் குறை சொல்வது? கொள்ளையும் தீயும் பாவமே. ஆயினும், பூசைக்கென வந்த பணத்தை வாங்குகிறவர்கள், கொடுக்கிறவனின் அடுப்பு எரிகிறதா என்று ஒருமுறையேனும் கேட்டிருக்க வேண்டாமா என்றும் நமக்குத் தோன்றுகிறது. ஹென்றி கோமகனின் மருமகனும், நாட்டாரால் வெறுக்கப்பட்டவருமான ஜான் ஆப் காண்ட் கல்லூரிக்கு வேண்டியவராயிருந்ததும் நெருப்பில் எண்ணெய் வார்த்தது. கிளர்ச்சி அடங்கிய பின் தண்டனை நகரத்தின்மேல் விழுந்தது. அப்பத்தின் எடையையும் சாராயத்தின் தரத்தையும் சோதிக்கும் அதிகாரம் நகரத்தாரிடமிருந்து பறிக்கப்பட்டுப் பல்கலைக்கழகத்துக்குத் தரப்பட்டது. எரிந்த தாள்களுக்கு அந்த ஊர் கொடுத்த விலை அதிகம்.

எல்லாம் எரிந்துவிடவில்லை. மேலே சொன்ன பெயர்ச் சுருள் தப்பியது. சபைத் தலைவராயிருந்த ஜான் கோல்ட்கார்ன் கொடுத்த, காட்டெருதின் கொம்பில் வெள்ளிப் பூணிட்ட குடிகலமும் கல்லூரியிலேயே நிலைத்தது. நற்கருணைத் திருநாள் சுற்றுப்பிரகாரமும் தொடர்ந்தது. கல்லூரித் தலைவர் மேற்கட்டியின்கீழ் நற்கருணை தாங்கிச் செல்ல, நகரப் பெரியோர்கள் மெழுகுதிரியுடன் பின்தொடர்ந்தார்கள், பிறகு விருந்து. எட்டாம் ஹென்றி அரசர் காலத்தில், 1535-இல், அது நின்றுபோயிற்று.

பிற்காலத்தில் அக்கல்லூரியின் தலைவராயிருந்து, எலிசபெத் அரசியின் காலத்தில் கேண்டர்பரி பேராயரான மத்தேயு பார்க்கர் நம் சபையைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் உண்மையைச் சொல்ல வேண்டும்: கலைக்கப்பட்ட துறவற மடங்களிலிருந்து சிதறிய நூற்றுக்கணக்கான கையெழுத்துப் பிரதிகளைத் தேடிச் சேர்த்துக் காப்பாற்றியவர் அவரே. பெரிய புனித கிரகோரியார் அனுப்பி 597-இல் இங்கிலாந்து வந்த புனித அகுஸ்தீனாரின் பெயரால் வழங்கும் 6-ஆம் நூற்றாண்டு நற்செய்தி நூலும் அவற்றில் ஒன்று.

பார்க்கர் தம் நூல்களை இக்கல்லூரிக்குக் கொடுத்தபோது விதித்த நிபந்தனை கேட்கத் தக்கது. ஆண்டுதோறும் வேறு இரண்டு கல்லூரிகளின் தலைவர்கள் வந்து எண்ணிப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் நூல்கள் காணாமற்போயிருந்தால், மீதி முழுவதும் கான்வில் கீஸ் கல்லூரிக்குப் போய்விடும். அவர்களும் கவனக்குறைவாயிருந்தால் டிரினிட்டி ஹால் கல்லூரிக்கு. நான்கு நூற்றாண்டு கடந்தும் அந்தச் சோதனை நடந்து வருகிறது. நூல்கள் இன்னும் கார்ப்பஸ் கிறிஸ்டியில்தான் இருக்கின்றன.