சிறு விமானமும் சிறு நகரங்களும்

விமானப் போக்குவரத்தின் சரித்திரத்தைச் சொல்லுவோர், விமானம் எவ்வாறு பெரிதாயிற்று என்பதையே பெரும்பாலும் சொல்லுவர். அது பெரிதானபோது எந்த ஊர்கள் ஆகாய வழியை இழந்தன என்பதை நாம் இப்பொழுது சிறிது கவனிப்போம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், படைகளுக்கு வேண்டாத டகோட்டா விமானங்கள் மலிவாக விலைக்கு வந்தன. அவற்றை வாங்கிப் பல கம்பெனிகள் இந்தியாவில் தோன்றின. 1953 ஆகஸ்டு 1ஆம் தேதி எட்டுக் கம்பெனிகளை ஒன்றாக்கி இந்தியன் ஏர்லைன்ஸ் கார்ப்பரேஷன் அமைக்கப்பட்டபோது, அதன் பங்கில் வந்த விமானங்களில் 74 டகோட்டாக்களே. இரண்டு டஜன் பிரயாணிகள் சேர்ந்தால் ஏறக்குறைய நிறைந்துவிடும் விமானம் அது. நீண்ட சிமெண்ட் ஓடுதளத்தையும் அது கேட்கவில்லை. ஆகவே சிறு ஊர்களிலும் இறங்கிற்று.

1961இல் பிரெண்ட்ஷிப், 1964இல் காரவெல், 1970ஐ ஒட்டிப் போயிங் 737 என்று விமானங்கள் வளர்ந்தன. வேகமும் சௌகரியமும் மிகுந்தன. அவற்றைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு தடத்தில் நாள்தோறும் நாற்பது பேர் செல்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். நூற்றிருபது இடமுள்ள விமானத்தைத் தினமும் அனுப்பினால் எண்பது இடங்கள் காலியாகச் செல்லும். மூன்று நாளைக்கு ஒரு முறை அனுப்பினால் இடம் நிறையலாம். ஆனால் திங்கட்கிழமை கோர்ட்டில் ஆஜராக வேண்டியவர் புதன்கிழமை விமானத்துக்காகக் காத்திருக்கமாட்டார், ரயிலேறிவிடுவார். ஐம்பது இட விமானமோ தினமும் சென்று வரும். அதில் தலைக்கு ஆகும் செலவு அதிகந்தான். எனினும் ஒரு நடைக்கு ஆகும் மொத்தச் செலவு குறைவு. இத்தொழிலின் ஆங்கில வழக்கில் இத்தகைய தடத்தை 'மெலிந்த' தடம் என்பர். மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு 'கூட்டம் குறைந்த தடம்' என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. மெலிவு ஊரினுடையதன்று, அதற்கு ஒவ்வாத விமானத்தை அனுப்பியவருடைய கணக்கில் இருப்பது.

இக்குறையைத் தீர்க்கவே 1981இல் வாயுதூத் தொடங்கப்பட்டது. வடகிழக்கு மாநிலங்களின் மலையூர்களை இணைப்பது அதன் முதல் நோக்கம். பின்னர், கான்பூரில் செய்யப்பட்ட 19 இட டோர்னியர் விமானங்களைக் கொண்டு நாடெங்கும் பரவிற்று. அளவுக்கு மீறியே பரவிற்று என்பது நம் கருத்து. கட்டணம் செலவுக்கு ஈடாகவில்லை. நஷ்டம் பெருகி 1993இல் இந்தியன் ஏர்லைன்ஸுடன் சேர்க்கப்பட்டது. விமானம் சிறியதாயிருப்பது மட்டும் போதாது என்பதற்கு இது சாட்சி.

சிறிய ஜெட் விமானம் இங்கே பிற்பாடுதான் வந்தது. 80க்குக் குறைந்த இடங்களுள்ள விமானங்களுக்கு இறங்கு கட்டணம் இல்லை என்ற சலுகை அதற்கு வழி திறந்தது. 2005இல் பாரமௌண்ட் என்னும் கம்பெனி எம்ப்ரேயர் ஜெட்டுகளைக் கொண்டு சென்னை, மதுரை, கோயம்புத்தூர் முதலிய நகரங்களை இணைத்தது. விமானங்களைக் குத்தகைக்குத் தந்தவர்களுடன் எழுந்த தகராறினால் 2010இல் அது நின்றுபோயிற்று.

2017 ஏப்ரல் 27இல் உடான் திட்டத்தின் முதல் விமானம் சிம்லாவிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. சிம்லாவின் ஓடுதளம் மலை முகட்டிலுள்ளது, நீளமும் குறைவு. ஆகையால் அந்த ஏ.டி.ஆர். விமானம் முழுப் பாரத்துடன் அங்கிருந்து எழும்ப முடியாது. செலவுக்கும் வருமானத்துக்கும் இடையே விழும் குறையை மூன்றாண்டு ஈடுசெய்வது இத்திட்டத்தின் ஏற்பாடு. 2023இல் தணிக்கை அதிகாரி வெளியிட்ட அறிக்கையில், முதல் மூன்று சுற்றுகளில் அளிக்கப்பட்ட 774 தடங்களில் 403 தொடங்கவே இல்லை என்றும், மூன்றாண்டு கடந்தும் நிலைத்தவை 54 மட்டுமே என்றும் காணப்படுகிறது. ஈடு இருந்தும் பெரும்பாலான தடங்கள் நிலைக்கவில்லை என்றே இதற்குப் பொருள்.

ஆயினும் ஒரு முயற்சியை இங்கே சொல்லலாம். மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் செல்லும் விசிறி விமானம் குறுந்தூரத்துக்குச் சிக்கனமானது. தூரம் நீண்டால் பிரயாணி பொறுமையிழப்பார். 2019இல் தொடங்கிய ஸ்டார் ஏர், 50 இடமுள்ள எம்ப்ரேயர் ஜெட்டை எடுத்துக்கொண்டது. அவ்வாண்டு நவம்பரில் ஹூப்ளியிலிருந்து டெல்லியை அடுத்த ஹிண்டனுக்கு அதை நேரே அனுப்பிற்று. இடைவெளி ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். வழியில் பம்பாயில் இறங்கி வேறு விமானம் ஏற வேண்டியதில்லை.