கண்புரை: பார்வையை மறைப்பது எப்படி? மீட்பது எப்படி?

புனே: இந்தியாவில் முதியோரின் பார்வையிழப்புக்கு முதன்மைக் காரணமாக இருப்பது கண்புரை. 2015 முதல் 2019 வரை நடத்தப்பட்ட தேசிய பார்வையிழப்பு ஆய்வில், 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடையே காணப்பட்ட பார்வையிழப்பில் 66.2 சதவீதத்துக்குக் கண்புரையே காரணம் எனத் தெரியவந்தது. அறுவை சிகிச்சையால் பெரும்பாலும் மீட்கக்கூடிய பார்வையே இவ்வாறு இழக்கப்படுகிறது.

கண்புரை என்றால் என்ன?

கண்மணிக்குப் பின்னால் ஒளி ஊடுருவும் இயற்கை வில்லை ஒன்று உள்ளது. நீரும் புரதங்களும் சேர்ந்த இந்த வில்லை, ஒளியைக் குவித்து விழித்திரையில் விழச் செய்கிறது. புரதங்கள் சீராக அடுக்கப்பட்டிருக்கும் வரை வில்லை தெளிவாக இருக்கும். வயது ஏற ஏற அவை சிதைந்து ஒன்றோடொன்று திரள்வதால் வில்லை மங்குகிறது. இதுவே கண்புரை. கண்ணின் மேற்பரப்பில் சதை வளர்வது இதனின்று வேறுபட்ட நோய்.

முதுமையே முக்கியக் காரணம் என்றாலும், நீரிழிவு, கண்ணில் அடிபடுதல், நீண்டகால ஸ்டீராய்டு மருந்துப் பயன்பாடு, புகைப்பழக்கம், கடும் வெயிலின் புற ஊதாக் கதிர்கள் ஆகியவை கண்புரையை விரைவுபடுத்துகின்றன. பிறவியிலேயே கண்புரையுடன் பிறக்கும் குழந்தைகளும் உண்டு. குழந்தையின் கண்மணி வெண்மையாகத் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பார்க்கக் கற்கும் பருவத்தில் ஒளி மறைக்கப்பட்டால், பின்னர் புரையை அகற்றினாலும் முழுப் பார்வை கிட்டாமல் போகலாம்.

பார்வை எவ்வாறு மாறுகிறது?

கண்புரை வலி தருவதில்லை. பார்வை மெல்ல மெல்ல மங்குவதால் பலரும் தொடக்கத்தில் உணர்வதில்லை. பனிமூட்டத்தின் ஊடாகப் பார்ப்பது போன்ற தோற்றம், நிறங்கள் வெளிறியோ மஞ்சள் படிந்தோ தெரிதல், விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டம், ஒரு கண்ணால் பார்க்கும்போதும் உருவம் இரண்டாகத் தெரிதல், கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறுதல் ஆகியவை அறிகுறிகள்.

புரை வில்லையின் எப்பகுதியில் உருவாகிறது என்பதைப் பொறுத்து பாதிப்பும் வேறுபடும். நடுப்பகுதி இறுகும்போது தூரப்பார்வை குறையும். ஆனால் சிலருக்குக் கண்ணாடியின்றியே படிக்க முடியும். பார்வை திரும்பிவிட்டதாக அவர்கள் மகிழ்வதுண்டு. உண்மையில் அது புரை வளர்வதன் அடையாளம். வில்லையின் பின்புறத்தில் புரை உருவானால், பகல் வெளிச்சத்திலும் எதிரே வரும் வாகன விளக்கொளியிலும் கண் கூசும். இருசக்கர வாகனங்கள் மிகுந்த புனே போன்ற நகரங்களில் இரவில் வாகனம் ஓட்டுவோர் இந்த அறிகுறியைப் புறக்கணிக்கக் கூடாது.

'முற்றட்டும்' எனக் காத்திருக்கலாமா?

புரை நன்கு முற்றிய பின்னரே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்பது பழைய மருத்துவ முறைகளின் காலத்து எண்ணம். இன்று அதற்குத் தேவையில்லை. படித்தல், சமைத்தல், சாலையைக் கடத்தல் போன்ற அன்றாடப் பணிகளுக்குப் பார்வைக் குறைவு இடையூறாகும்போதே சிகிச்சை பெறலாம். தொடக்க நிலையில் கண்ணாடியை மாற்றுவதும் நல்ல வெளிச்சத்தில் படிப்பதும் சில காலம் உதவும்.

மிகவும் முற்றிய புரை கல்போல் இறுகுவதால் அறுவை சிகிச்சை கடினமாகிறது. சிலருக்கு வில்லை பருத்தோ கசிந்தோ கண்ணின் உள் அழுத்தம் கடுமையாக உயரும். அந்த அழுத்தத்தால் பார்வை நரம்பு சேதமடைந்தால், அவ்விழப்பை எந்தச் சிகிச்சையாலும் மீட்க இயலாது. எனவே, 'வயதானால் பார்வை மங்கத்தான் செய்யும்' என்று முதியவர்களும் குடும்பத்தினரும் இருந்துவிடுவது ஆபத்தானது.

சிகிச்சை முறை

கண்புரையைக் கரைக்கும் சொட்டு மருந்தோ மாத்திரையோ இல்லை. அறுவை சிகிச்சையே தீர்வு. 'ஃபேகோ' முறையில் 3 மில்லிமீட்டருக்கும் குறைவான துளையின் வழியே, மீயொலி அதிர்வால் புரை உடைக்கப்பட்டு உறிஞ்சி எடுக்கப்படுகிறது. சிறு கீறல் முறையில் சற்றே பெரிய திறப்பின் வழியாக வில்லை முழுமையாக வெளியே எடுக்கப்படுகிறது. இதற்கும் பெரும்பாலும் தையல் தேவைப்படுவதில்லை. இரண்டு முறைகளிலும் கண் மட்டுமே மரத்துப்போகச் செய்யப்படுகிறது. பெரும்பாலானோர் அன்றே வீடு திரும்பலாம்.

அகற்றிய வில்லைக்குப் பதிலாகச் செயற்கை வில்லை பொருத்தப்படும். இங்கிலாந்து மருத்துவர் ஹரோல்ட் ரிட்லி 1949-இல் முதன்முதலாக இதைச் செய்தார். போர் விமானிகளின் கண்ணில் பாய்ந்த அக்ரிலிக் துண்டுகள் அழற்சியை உண்டாக்கவில்லை என்பதைக் கவனித்ததே அவருக்கு வழிகாட்டியது. மதுரையில் 1976-இல் டாக்டர் ஜி.வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் நிறுவனம், 1992 முதல் செயற்கை வில்லைகளை உள்நாட்டிலேயே தயாரித்து அவற்றின் விலையைப் பல மடங்கு குறைத்தது.

பொதுவாகப் பொருத்தப்படும் வில்லை ஒரு தூரத்துக்கு மட்டுமே தெளிவு தரும். படிக்கக் கண்ணாடி தேவைப்படலாம். பல தூரங்களுக்கு உதவும் வில்லைகளும் உண்டு. விலை உயர்ந்த வில்லையே அனைவருக்கும் சிறந்தது என்பதில்லை. விழித்திரையின் நிலை, தொழில் ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு முடிவெடுக்க வேண்டும்.

சிகிச்சைக்குப் பின்

மருத்துவர் கூறும் காலம் வரை சொட்டு மருந்து இட வேண்டும். கண்ணைக் கசக்குவதையும், கண்ணில் தண்ணீர் படுவதையும் தவிர்க்க வேண்டும். வலி அதிகரித்தல், கண் மிகவும் சிவத்தல், பார்வை திடீரெனக் குறைதல் ஆகியவை கண்ணுக்குள் ஏற்பட்ட தொற்றின் அறிகுறிகளாக இருக்கலாம். அப்போது மறுநாள் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அகற்றிய புரை மீண்டும் வருவதில்லை. ஆயினும், செயற்கை வில்லையைத் தாங்கும் மெல்லிய உறை சில மாதங்கள் அல்லது ஆண்டுகளில் மங்கக்கூடும். லேசர் சிகிச்சையால் சில நிமிடங்களில் அதைச் சரிசெய்யலாம். நீரிழிவால் விழித்திரையோ, கண் அழுத்த நோயால் நரம்போ பாதிக்கப்பட்டிருந்தால், புரை நீங்கிய பின்னும் பார்வை முழுமையாகத் திரும்பாது என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

எங்கு அணுகலாம்?

1976-இல் தொடங்கப்பட்ட தேசிய பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் கீழ், அரசு மருத்துவமனைகளிலும் தொண்டு நிறுவனங்களின் மருத்துவமனைகளிலும் கண்புரை அறுவை சிகிச்சை இலவசமாகச் செய்யப்படுகிறது. புனேயில் அரசின் சசூன் பொது மருத்துவமனையும், பூனா பார்வையற்றோர் சங்கம் நடத்தும் எச்.வி.தேசாய் கண் மருத்துவமனையும் கண் சிகிச்சை அளிக்கின்றன. 40 வயதைக் கடந்தவர்கள் அவ்வப்போதும், நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையும் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.