சாமியார் வராத 220 வருஷம்

தவக்காலம் வந்தா எங்க பாட்டி நாள் எண்ணுவாங்க. காலண்டர் பார்க்க மாட்டாங்க. விபூதிப் புதன்ல ஆரம்பிச்சு விரல் விட்டு, "இன்னைக்குப் பதினொண்ணு, இன்னைக்குப் பன்னெண்டு"ன்னு. எதுக்கு ஆச்சி இதுன்னு கேட்டா, "எண்ணாட்டி விட்டுப் போயிரும்லா"ம்பாங்க. அப்போ அது எனக்குப் பெரிசாப் படலை. ரொம்ப வருஷம் கழிச்சு ஜப்பான் சரித்திரம் படிச்சுக்கிட்டு இருந்தப்ப ஒரு இடத்துல இதே கணக்கு வந்து நின்னது. அந்த இடத்துக்கு அப்புறம் வர்றேன்.

நம்ம முத்துக்குளித்துறைக் கடற்கரையில 1542-லேர்ந்து அலைஞ்ச அதே சவேரியார்தான் 1549 ஆகஸ்ட் 15-ஆம் தேதி ககோஷிமாவுல போய் இறங்கினார். அடுத்த அறுபது எழுபது வருஷத்துல ஜப்பான்ல கிறிஸ்தவங்க எண்ணிக்கை மூணு லட்சம் அளவுக்கு வந்துட்டதா மதிப்பிடுறாங்க. எல்லாமே பக்தியில வந்ததுன்னு சொல்ல முடியாது. போர்த்துக்கீசியக் கப்பல் வந்தா பட்டு வரும், துப்பாக்கி வரும். அதுக்காகவே ஞானஸ்நானம் வாங்கின சிற்றரசர்கள் உண்டு. நாகசாகியை 1580-ல சேசு சபை கையிலேயே கொடுத்துட்டார் ஒருத்தர். மத்தியில உக்காந்திருக்கிறவனுக்கு வயித்தைக் கலக்குமா கலக்காதா? 1587-ல ஹிதேயோஷி குருமார்களை வெளியேறச் சொன்னார். 1597 பிப்ரவரி 5 அன்னைக்கு நாகசாகிக் குன்றுல 26 பேரைச் சிலுவையில ஏத்தினாங்க. 1614-ல தோகுகாவா அரசு நாடு முழுக்கத் தடை போட்டது.

அதுக்கப்புறம் நடந்ததைச் சித்திரவதைப் பட்டியலா எழுத எனக்கு இஷ்டமில்லை. ஆனா அந்த அரசாங்கத்தோட புத்திசாலித்தனத்தைச் சொல்லியே ஆகணும். கொன்னா வேதசாட்சி ஆயிடுறாங்க, கூட்டம் இன்னும் கூடுது. அதனால ஆளை விட்டுட்டு மனசைப் பிடிச்சாங்க. அஞ்சு வீடு ஒரு கட்டு, ஒரு வீட்டுல கிறிஸ்தவன் இருந்தா அஞ்சு வீட்டுக்கும் தண்டனை. ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு பௌத்தக் கோயில்ல பதிவு பண்ணிக்கணும், செத்தா பிக்குதான் வந்து சடங்கு செய்யணும். ஊர் முச்சந்தியில பலகை, குருவானவரைக் காட்டிக் கொடுத்தா இவ்வளவு வெள்ளின்னு. நாகசாகிப் பக்கம் வருஷா வருஷம் மாதாவோ யேசுவோ பொறிச்ச தகட்டைத் தரையில போட்டு, ஒவ்வொருத்தரா மிதிச்சுட்டுப் போகணும்.

1637-38-ல ஷிமாபாரா விவசாயிகள் வரிக்கொடுமை தாங்காம எழுந்தப்ப, ஹாரா கோட்டையில கிட்டத்தட்ட 37,000 பேர் அழிஞ்சாங்க. 1644-ல கடைசியா மிச்சமிருந்த குரு மான்சியோ கொனிஷியும் கொல்லப்பட்டார். அதோட பூசை, பாவசங்கீர்த்தனம், நற்கருணை எல்லாம் நின்னுபோச்சு. ரோமாபுரிக்கு ஜப்பான் திருச்சபைன்னா செத்துப்போனதுன்னு அர்த்தம்.

சாகலை. உராகாமி, சொத்தோமே, கோத்தோ தீவுகள், இக்கித்சுக்கின்னு மூலைமுடுக்குல இருந்தாங்க. குடியானவங்க, மீன்பிடிக்கிறவங்க. அவங்களா ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டாங்க. உராகாமியில ஒருத்தர் 'சோகத்தா', திருநாள் கணக்கு வச்சிருக்கிற காலண்டர்காரர். இன்னொருத்தர் 'மிஸுகத்தா', தண்ணி ஊத்துறவர், அதாவது ஞானஸ்நானம் கொடுக்கிறவர். அப்புறம் வீடு வீடாப் போய் "இந்த வாரம் இன்ன நாள் வேலை செய்யக்கூடாது"ன்னு காதுல சொல்லிட்டு வர்ற ஆள். நம்ம ஊர்ல சாமியார் ஆறு மாசத்துக்கு ஒருதடவை வந்த காலத்துல உபதேசியார்தானே எல்லாம்? அந்த மாதிரின்னு வச்சுக்குங்க. ஆறு மாசத்துக்குப் பதிலா 220 வருஷம், அவ்வளவுதான்.

வீட்டுல மாதா சுரூபம் வைக்க முடியாது. சீனாவுலேர்ந்து வந்த வெள்ளைப் பீங்கான் கன்னோன் சிலையை (பௌத்தத்துல கருணைத் தெய்வம், சிலது கையில குழந்தையோட இருக்கும்) வச்சுக்கிட்டு மனசுக்குள்ள மரியாயேன்னாங்க. மந்திரங்களுக்குப் பேரு 'ஓராஷியோ'. லத்தீனும் போர்த்துக்கீசும் ஜப்பானியமும் கலந்து, வாய்வழியாவே வந்து, கடைசியில சொல்றவங்களுக்கே பாதி அர்த்தம் தெரியாத அளவுக்குத் தேஞ்சுபோச்சு. சத்தமா வேற சொல்ல முடியாது, முணுமுணுப்புதான்.

என்னை ரொம்ப நேரம் யோசிக்க வச்சது அந்த மிதிக்கிற விஷயம். நாம பெருமையாப் பேசுறது மிதிக்க மாட்டேன்னு செத்தவங்களைப் பத்தி. ஆனா விசுவாசத்தை 1865 வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது யாரு? மிதிச்சவங்க! ஒவ்வொரு வருஷமும் மிதிச்சுட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு உத்தம மனஸ்தாப மந்திரம் சொன்னவங்க. குரு இல்லாத இடத்துல முழு மனஸ்தாபத்தோட கேட்டா மன்னிப்பு உண்டுன்னு சொல்ற ஒரு சின்ன புஸ்தகம் 1603-லேயே ஜப்பானிய மொழியில வந்திருந்தது. அதைக் கையெழுத்துப் பிரதியா ஒளிச்சு வச்சு, மனப்பாடம் பண்ணி, அதுமேல ஒரு சமூகமே நின்னிருக்கு. இதைக் கோழைத்தனம்னு சொல்றவங்க சொல்லிக்கட்டும். எனக்கு வாய் வரலை.

ஒரு எதிர்பார்ப்பும் இருந்தது. பாஸ்தியான்னு ஒரு ஜப்பானிய உபதேசியார் மாட்டிக்கிட்டுச் சாகுறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போனதா நம்பினாங்க. ஏழு தலைமுறைக்கு நீங்க என் பிள்ளைங்க. அப்புறம் பெரிய கறுப்புக் கப்பல்ல குருமார் வருவாங்க, வாரா வாரம்கூட பாவசங்கீர்த்தனம் செய்யலாம், எங்க வேணாலும் சத்தமாப் பாடிட்டுப் போகலாம்னு. தாத்தா பேரனுக்குச் சொல்லுவார், அந்தப் பேரன் தன் பேரனுக்கு. திருநாள் கணக்குக்கும் பாஸ்தியான் பேர்ல வந்த 1634-ஆம் வருஷக் காலண்டர்தான் ஆதாரம்.

1853-ல அமெரிக்கக் கறுப்புக் கப்பல்கள் நெஜமாவே வந்தது! வந்தது குருமாரில்லை, பீரங்கி. ஆனா அந்தக் கதவு திறந்ததுல, வெளிநாட்டுக்காரங்க மட்டும் கும்பிட நாகசாகி ஓரா மேட்டுல ஒரு கோயில் எழும்பிச்சு. கட்டினவங்க பாரிஸ் அந்நிய வேதபோதக சபையார் (நம்ம புதுச்சேரிப் பக்கம் வேலை செஞ்ச அதே சபைதான்). ஊர்க்காரங்க 'பிரெஞ்சுக் கோயில்'னு வேடிக்கை பார்க்க வந்தாங்க. 1865 மார்ச் 17, வெள்ளிக்கிழமை மத்தியானம், உராகாமிலேர்ந்து பன்னெண்டு பதினஞ்சு பேர் வாசல்ல நின்னாங்க. பெத்திழான் சுவாமியார் கதவைத் திறந்து உள்ளே போய் முழங்கால் போட்டார். கொஞ்ச நேரத்துல மூணு பொம்பளைங்க பக்கத்துல வந்து முட்டி போட்டாங்க. அதுல ஒருத்தர், இசபெலினா யூரி, மருத்துவச்சின்னு சொல்றாங்க, நெஞ்சுல கை வச்சு மெதுவா, எங்க எல்லார் நெஞ்சும் உங்க நெஞ்சும் ஒண்ணுதான்னார். அடுத்த கேள்வி: மாதா சுரூபம் எங்க இருக்கு?

மாதாவைப் பார்த்ததும் அவங்க பேச்சு திருநாளுக்குப் போச்சு. உறைபனி மாசத்து 25-ல ஆண்டவர் பிறந்த திருநாள் கும்பிடுறோம், இப்போ துக்க காலத்துல 17-ஆம் நாள், நீங்களும் அனுசரிக்கிறீங்களான்னு கேட்டாங்க. அந்த வருஷம் விபூதிப் புதன் மார்ச் 1. எண்ணிப் பாருங்க, சரியாப் பதினேழு. குரு இல்லை, மேற்றிராணியார் இல்லை, ரோமிலேர்ந்து ஒரு கடுதாசி இல்லை, ஒரு நாள் தப்பலை. எனக்கு ஆச்சி விரல்தான் ஞாபகம் வந்தது.

இத்தோட கதை சுபம்னு போட முடிஞ்சா நல்லாயிருக்கும். 220 வருஷமா ஒளிஞ்சிருந்தவங்க இப்ப தைரியமா, சாவு வீட்டுக்குப் பிக்கு வேண்டாம்னுட்டாங்க. 1867 ஜூலையில ஒரு விடியக்காலம் வீடு புகுந்து 68 பேரைப் பிடிச்சாங்க. அடுத்த வருஷம் ஆட்சியே மாறி, மெய்ஜி மீட்சின்னு சரித்திரம் கொண்டாடுற அந்தப் புது அரசு வந்து, உராகாமி ஊரையே காலி பண்ணிச்சு. 3,300-க்கும் மேல ஜனங்களைக் குடும்பம் குடும்பமாப் பிரிச்சு சுமார் இருபது ஊர்களுக்கு நாடு கடத்தினாங்க. த்சுவானோவுல உறைஞ்ச குளத்துக்குள்ள இறக்கினாங்க, மூணு அடிக் கூண்டுல பனியில உக்கார வச்சாங்க. 600 பேருக்கு மேல திரும்பலை. தாங்காம மறுதலிச்சவங்களும் நிறைய. ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போன இவாகுரா தூதுக்குழுவைப் போன இடத்துல எல்லாம் இதைக் கேட்டுக் குடைஞ்சதுல, 1873 பிப்ரவரி 24-ல தடைப் பலகைகளைக் கழட்டினாங்க. திரும்பி வந்தவங்க அந்த வருஷங்களுக்கு வச்ச பேரு 'பயணம்'. வெறும் பயணம்!

எல்லாரும் ரோமோட சேர்ந்துடலை. இக்கித்சுக்கி மாதிரி இடங்கள்ல நிறையப் பேர் வர மாட்டோம்னுட்டாங்க. குருமார் சொன்ன மந்திரம் வேற, தாத்தா சொல்லிக் கொடுத்த ஓராஷியோ வேற. முன்னோர் பீடத்தை வேற தூக்கச் சொல்றாங்க. காத்திருந்தது இதுக்குத்தானான்னு தோணியிருக்கணும். ஏழு தலைமுறையைக் காப்பாத்தின மந்திரத்தைத் தப்புன்னு சொன்னா யாருக்குத்தான் வலிக்காது? அவங்க வழிமரபு இன்னைக்கு ரொம்பச் சுருங்கிப்போச்சு. 2018-ல யுனெஸ்கோ இந்த ஊர்களைப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தப்ப ஓராஷியோ தெரிஞ்ச கிழவங்க கொஞ்சம் பேர்தான்.

உராகாமிக்காரங்க ஒண்ணு பண்ணினாங்க. எந்த ஊர்த்தலைவர் வீட்டு முற்றத்துல வருஷா வருஷம் மிதிச்சாங்களோ, அந்த இடத்தை 1880-ல விலைக்கு வாங்கினாங்க. அங்கே 1895-ல செங்கல் கோயில் தொடங்கி 1914-ல முடிச்சாங்க. 1945 ஆகஸ்ட் 9 காலையில, மாதா மோட்சத் திருநாளுக்குப் பாவசங்கீர்த்தனம் நடந்துக்கிட்டிருந்தப்ப, 11:02-க்கு அந்தக் கோயிலுக்கு ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர்ல அணுகுண்டு வெடிச்சது. உராகாமிக் கத்தோலிக்கர் 12,000 பேர்ல சுமார் 8,500 பேர் செத்தாங்க. காலண்டர்காரர் வம்சத்துல வந்த மிதோரியும் அதுல ஒருத்தர். அவர் புருஷன் டாக்டர் நாகாய் தக்காஷி, எலும்போட ஜெபமாலையையும் சாம்பல்லேர்ந்து பொறுக்கினார். அதே நாகாய் அந்த நவம்பர் பூசையில, இது தேவனுக்கு ஒப்புக்கொடுத்த பலின்னு பேசினார். அழுகைக்கு நடுவுல அது சிலருக்கு ஆறுதல், பலருக்குக் கோபம். குண்டு போட்டவனைக் கேள்வி கேட்காம விட்ட பேச்சுன்னு பின்னாடி கடுமையா விமர்சிச்சாங்க. எனக்கும் அந்தப் பேச்சு உறுத்தல்தான். ஆனா எலும்பு பொறுக்கினவர் பேசினது, நான் உக்காந்த இடத்துலேர்ந்து தீர்ப்பு சொல்லக்கூடாது.

இடிபாட்டுக்குள்ள ரெண்டு மணியில ஒண்ணு முழுசாக் கிடைச்சது. 1945 கிறிஸ்மஸ் ராத்திரி அதை மூணு மரத்தண்டுல கட்டி அடிச்சாங்க. 1959-ல கோயிலைத் திரும்பக் கட்டினப்பவும் ஒரு கோபுரம் மணியில்லாமத்தான் இருந்தது. 2025-ல அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் காசு சேர்த்து ஒரு மணி வார்த்து அனுப்பினாங்க. அந்த ஆகஸ்ட் 9, காலை 11:02-க்கு ரெண்டு மணியும் சேர்ந்து அடிச்சது.