கல் பொறுக்கிய மனிதர்கள்

தபால்தலை சேர்ப்பவர்களை நமக்குத் தெரியும். பழைய நாணயங்கள் சேர்ப்பவர்களும், தீப்பெட்டிப் படங்கள் சேர்ப்பவர்களும் உண்டு. ஆனால் ஓய்வு நேரத்தில் கல் பொறுக்குபவரைப் பார்த்தால் நாம் என்ன சொல்வோம்? "வேலையற்ற வேலை" என்று சிரிப்போம். அந்த வேலையற்ற வேலைதான் மனிதனின் வயதைப் பல லட்சம் ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளியது. அதன் இந்திய அத்தியாயம் தொடங்கிய இடமோ, நான் குடியிருக்கும் திருநீர்மலையிலிருந்து சைக்கிளில் போய் வரக்கூடிய தூரத்தில் இருக்கிறது.

திருநீர்மலைக் கோயிலின் படிகளில் ஏறி நின்று கிழக்கே பாருங்கள். பல்லாவரம், திரிசூலம் குன்றுகள் தெரியும். இவை சார்னோகைட் என்னும் மிகப் பழமையான பாறையால் ஆனவை. கல்கத்தா நகரத்தோடு தொடர்புடைய ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக்கல் இந்த வகைப் பாறைதான். அதனால் 1893-இல் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் இதற்கு அவர் பெயரையே சூட்டினார். ஆனால் நம் கதையின் நாயகன் இந்தக் குன்றுக் கல் அல்ல. குன்றுகளின் அடிவாரச் சரளையில் கிடந்த வேறொரு கல்.

சுங்க அதிகாரியும் மது வணிகரும்

கதை பிரான்சு நாட்டில் தொடங்குகிறது. அப்வில் என்ற சிற்றூரில் பூஷே த பெர்த் என்ற சுங்க அதிகாரி இருந்தார். அலுவலகம் முடிந்ததும் சோம் ஆற்றங்கரைச் சரளைக் குழிகளுக்குப் போய்விடுவார். அங்கே மண்ணடியில், அழிந்துபோன யானை இனங்களின் எலும்புகளோடு, இருபுறமும் செதுக்கப்பட்ட கற்கள் கிடைத்தன. இவற்றைச் செய்தவன் மனிதன் என்றால், அந்த விலங்குகள் வாழ்ந்த காலத்திலேயே மனிதனும் வாழ்ந்திருக்க வேண்டும் அல்லவா? இதை அவர் 1847-ஆம் ஆண்டிட்ட ஒரு நூலில் எழுதினார். பண்டிதர்கள் பொருட்படுத்தவில்லை.

1859-இல் இங்கிலாந்திலிருந்து இருவர் அங்கே வந்து குழிகளை நேரில் சோதித்தார்கள். ஒருவர் ஜோசப் பிரெஸ்ட்விச். தொழிலில் மது வணிகர். மற்றவர் ஜான் எவன்ஸ், காகித ஆலைக்காரர். இருவருக்கும் நிலவியலும் தொல்பொருளும் ஓய்வு நேர விருப்பங்கள். சுங்க அதிகாரி சொன்னது சரி என்று அவர்கள் லண்டனில் அறிவித்த பிறகே அறிஞர் உலகம் செவி சாய்த்தது. "பழைய கற்காலம்", "புதிய கற்காலம்" என்ற பிரிவுகளை 1865-இல் வகுத்த ஜான் லப்பக்கும் ஒரு வங்கியாளரே. இங்கிலாந்தில் 1871-இல் வங்கி விடுமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். ஓய்வு நேரத்தின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது போலும்!

பல்லாவரத்தில் ஒரு நாள்

ராபர்ட் புரூஸ் ஃபூட் 1858-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். பாறைகளை ஆராய்ந்து நிலவியல் வரைபடம் தயாரிப்பது அவர் உத்தியோகம். ஆதிமனிதனைத் தேடு என்று யாரும் அவருக்குக் கட்டளையிடவில்லை. ஆனால் ஐரோப்பியக் கண்டுபிடிப்புகளின் செய்தி அவர் காதில் விழுந்திருந்தது. இங்கும் அப்படி ஏதாவது கிடைக்குமா என்ற ஆவலுடன் கண்ணைத் திறந்து வைத்திருந்தார்.

1863 மே 30. பல்லாவரம் படை அணிவகுப்பு மைதானத்தை ஒட்டி, சரளை எடுக்க வெட்டிய ஒரு குழி. அதிலிருந்து எடுத்துப் போட்டிருந்த செம்புரைக்கல் சரளையில் ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. குவார்ட்சைட் என்னும் கடினமான பாறையில், இருபுறமும் செதுக்கப்பட்ட கருவி. அப்போது அவருக்கு வயது 28. அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று அவரும் சக நிலவியலாளர் வில்லியம் கிங்கும் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் இத்தகைய கருவிகளை ஏராளமாகக் கண்டார்கள். பின்னாளில் அறிஞர்கள் இவற்றை "மதராஸ் கற்கருவி மரபு" என்றே அழைத்தனர்.

இயற்கையாக உடைந்த கல்லுக்கும் மனிதன் உடைத்த கல்லுக்கும் என்ன வேற்றுமை? நுண்மணிக் கல்லின் ஓரத்தில் ஓங்கி அடித்தால், அடிபட்ட புள்ளியிலிருந்து விரிசல் ஒரு கூம்பு போலப் பரவுகிறது. தெறித்து விழும் சில்லில் அடிபட்ட இடத்தருகே சிறு புடைப்பும், குளத்தில் கல் எறிந்தாற்போன்ற அலைவரிகளும் தெரியும். அது கிளம்பிய கல்லில் அதற்கேற்ற பள்ளம் விழும். ஒரு பள்ளம் தற்செயலாக விழலாம். ஆனால் இரண்டு பக்கங்களிலும் ஒழுங்காக, கூர்முனையை நோக்கி வரிசையாகப் பள்ளங்கள் விழுந்திருந்தால் அங்கே ஒரு கையும் அதை இயக்கிய மூளையும் இருந்தன என்றே பொருள்.

கல்லுக்கு வயது சொல்லும் கதிர்கள்

கருவியைக் கண்ட ஃபூட்டால் அதன் வயதை ஆண்டுக் கணக்கில் சொல்ல முடியவில்லை. அதற்குப் பௌதிகம் வளர வேண்டியிருந்தது.

விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் இடைவிடாது பூமியைத் தாக்குகின்றன. தரைமேல் கிடக்கும் கல்லின் குவார்ட்ஸ் மணிகளில் அவை அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் கதிரியக்க அணுக்களை உண்டாக்குகின்றன. ஒரு பெரிலியத்துக்குச் சுமார் ஏழு அலுமினியம் என்பது விகிதம். கல் சில மீட்டர் மண்ணுக்கடியில் புதைந்துவிட்டால் கதிர்கள் அதை எட்டுவது அரிது. புதிய அணுக்கள் உண்டாவது ஏறக்குறைய நின்றுவிடும். இருப்பவை சிதையத் தொடங்கும். அலுமினியம்-26-இன் அரை ஆயுள் சுமார் 7 லட்சம் ஆண்டுகள். பெரிலியம்-10-இன் அரை ஆயுள் சுமார் 14 லட்சம் ஆண்டுகள். அலுமினியம் வேகமாகக் குறைவதால் விகிதம் படிப்படியாக இறங்கும். சுமார் 14 லட்சம் ஆண்டுகளில் அது பாதியாகிவிடும். எஞ்சிய விகிதத்தை அளந்தால் கல் புதைந்த காலம் தெரியும்.

சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகிய ஆராய்ச்சியாளர்கள் 1999 முதல் அத்திரம்பாக்கத்தில் அகழ்ந்தெடுத்த கருவிகளுக்கு இந்த முறையில் வயது கணிக்கப்பட்டது. 2011-இல் வெளியான விடை: சுமார் 15 லட்சம் ஆண்டுகள்! நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் தோன்றியதே ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான் என்பதை நினைத்துப் பாருங்கள். அக்கருவிகளைச் செதுக்கியவர்கள் நமக்கு முந்திய மனித இனத்தவர்.

முகவரி இல்லாத கல்

என் மேசைமேல் ஒரு கல் இருக்கிறது. கல்லூரியில் படித்த நாளில் நண்பர்களுடன் சுற்றப்போன இடத்தில் எடுத்தது. ஓரத்தில் செதுக்கியது போன்ற பள்ளங்கள் உண்டு. அது கருவியாக இருக்கலாம். ஜல்லி உடைத்தவர் சம்மட்டியில் தெறித்த சில்லாகவும் இருக்கலாம். எந்தக் குன்று, எந்தக் குழி, எவ்வளவு ஆழம் என்று நான் எழுதி வைக்கவில்லை. இப்போது எந்தக் கருவியாலும் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாது. கல்லை வைத்துக்கொண்டு அதன் கதையைத் தொலைத்துவிட்டேன்.

ஃபூட்டின் பெருமை இங்குதான் இருக்கிறது. தாம் சேர்த்தவற்றின் இடத்தை அவர் குறித்து வைத்தார். அவரது சேகரிப்பு சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு வந்தது. 1912-இல் அவர் காலமான பின், 1914-இலும் 1916-இலும் அதன் பட்டியலும் குறிப்புகளும் நூல்களாக வெளிவந்தன. மாறாக, பூஷே த பெர்த் எலும்பு கொண்டு வருபவர்களுக்குப் பரிசு அறிவித்திருந்தார். பல்லாவரம் கருவி கிடைத்த அதே 1863-இல், தொழிலாளர்கள் யாரோ குழியில் புதைத்து வைத்த ஒரு தாடை எலும்பை உண்மையென்று நம்பி அவர் ஏமாந்தார். எந்த மண்ணடுக்கில், யார் கண்முன் கிடைத்தது என்பதே சான்றின் உயிர்.

இன்று பல்லாவரத்திலும் திருநீர்மலையிலும் காலி நிலங்கள் வீடுகளாகிவிட்டன. ஒவ்வொரு அஸ்திவாரக் குழியும் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டிவிட்டு மூடிக்கொள்கிறது. படிக்க ஆள் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போனது போனதுதான்.

ஆகவே, இளம் வாசகர்களே! இந்தப் பொழுதுபோக்குக்குக் காசு வேண்டாம். கண்ணும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். புதுமையான கல்லைக் கண்டால் முதலில் அதை அசைக்காமல் படம் எடுங்கள். இடம், ஆழம், தேதி மூன்றையும் எழுதுங்கள். மண்ணைத் தோண்டாதீர்கள், அனுமதியின்றித் தோண்டுவது சான்றைக் கெடுக்கும். தொல்லியல் துறைக்கோ அருங்காட்சியகத்துக்கோ தெரிவியுங்கள். நூற்றில் தொண்ணூற்றொன்பது வெறும் ஜல்லியாக இருக்கும். அதனால் என்ன? ஃபூட்டும் அன்று ஒரு சரளைக் குழியைத்தான் எட்டிப் பார்த்தார்.