கட்டியகாரன் போன வழி: தீவகத்தின் வரலாற்று நாடகங்களில் போரும் எள்ளலும்

நயினாதீவைப் பற்றிய மிகப் பழைய கதையே ஒரு சண்டைக் கதைதான். நாகநாட்டு அரசர் இருவர் ஒரு பீடத்துக்கு உரிமை கொண்டாடுகிறார்கள். அதைத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறார்கள், பீடம் அசையவில்லை. ஆசையையும் விட முடியவில்லை. கண் சிவந்து, படை திரட்டி, மோதிக்கொள்கிறார்கள். கடைசியில் புத்தர் வந்து, பீடம் தன்னுடையது என்று சொல்லி அதில் அமர்ந்து அறம் உரைக்கிறார். மணிமேகலை சொல்லும் கதை இது. மகாவம்சத்தில் அந்த அரசர்கள் மாமனும் மருமகனும். பெயர் மகோதரன், சூளோதரன். போருக்குக் காரணம் மணிகள் இழைத்த ஓர் ஆசனம். மணிமேகலையின் மணிபல்லவமும் மகாவம்சத்தின் நாகதீபமும் நயினாதீவே என்று ஆய்வாளர் பலர் கொள்வர். தூக்க முடியாத இருக்கைக்காக இரண்டு படைகள் மோதுவதில் நகைப்புக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. ஆனால் இரு நூல்களும் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. போரை மடமை என்று காட்டுகின்றன, காட்டும்போது சிரிப்பதில்லை.

ஊர்காவற்றுறை, வேலணை, அல்லைப்பிட்டி, நெடுந்தீவு, நயினாதீவு முதலிய தீவக ஊர்களும் அவற்றை அணைத்துக் கிடக்கும் யாழ்ப்பாணக் கரையோரமும் போரையும் வரலாற்றையும் மேடையில் எப்படிக் காட்டின, அந்தக் காட்சியில் சிரிப்புக்கு எந்த இடம் கொடுத்தன என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள். நான் வந்தடைந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூத்துக் களரியில் வரலாறும் எள்ளலும் ஒன்றாக நின்றன. 20ஆம் நூற்றாண்டின் எழுத்து நாடகம் அவற்றைப் பிரித்து வைத்தது. போர்க்கால அரங்கில் எள்ளல் ஏறத்தாழ வாயடைத்துப் போயிற்று. அது திரும்பி வந்தது நாடகத்தில் அல்ல, புனைகதையில். வந்த இடமும் ஒரு தீவகக் கிராமம்.

கூத்திலிருந்து தொடங்குவோம். யாழ்ப்பாணக் கரையோரத்துக் கத்தோலிக்க ஊர்களில் வேரூன்றியது தென்மோடிக் கூத்து. போர்த்துக்கேயர் காலத்தில் மறைபரப்ப வந்த குருமார் நாடகத்தையும் ஒரு கருவியாகக் கொண்டார்கள். அதே வேளையில் கேரளக் கரையில் சார்லமேனின் போர்களை ஆடும் சவிட்டு நாடகம் உருவானதை இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். இங்கே புனிதர் வரலாறுகளும் இராசா கதைகளும் கூத்தாயின. எஸ்தாக்கியார், ஞானசௌந்தரி, மூவிராசாக்கள் என்று ஒரு வரிசை. அவற்றோடு சங்கிலியன், கண்டியரசன் என்று இந்த மண்ணின் அரசர் கதைகள் இன்னொரு வரிசை.

இந்தக் கூத்துகளில் அரசனின் வரவு எப்படி நிகழ்கிறது என்று கூர்ந்து பார்க்கவேண்டும். முதலில் களரிக்கு வருபவன் கட்டியகாரன். அரசன் வருகிறான், பராக்கு என்று கூறி ஆட்களை ஒதுக்கி வழி விடச் செய்வது அவன் வேலை. அடுத்து மத்தளமும் தாளமும் முழங்க, வரவு விருத்தத்தோடு அரசன் தோன்றுகிறான். அரசன் வாயில் வருவதெல்லாம் பாட்டு. ஏட்டிலோ கொப்பியிலோ எழுதி வைத்தது. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் ஒரு சொல்லும் பிசகவிடமாட்டார். கட்டியகாரனும் சேவகனும் முரசறைபவனும் பேசுவது வசனம், அதுவும் ஊர்ப் பேச்சு. அந்தப் பேச்சு பெரும்பாலும் எழுதப்படாதது. இன்றைக்கு ஊரில் நடந்ததை இன்றிரவே களரியில் சொல்லிவிடலாம். படை புறப்பட வேண்டிய நேரத்தில் சேவகன் சாட்டுச் சொல்லி நிற்பான், சனம் சிரிக்கும், அடுத்த கணம் அரசன் போர்ப்பாட்டு எடுப்பான். எழுதிய பாட்டில் வரலாறு, எழுதாத வசனத்தில் எள்ளல். இரண்டும் ஒரே களரியில், ஒரே இரவில்.

காத்தவராயன் கூத்தில் இந்த ஏற்பாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். காத்தவராயனோடு கூடவே திரியும் சின்னான் வேடிக்கைக்குரிய பாத்திரம். ஆனால் சாதியையும் அரசாணையையும் மீறிப் போகிற நாயகனின் துணிவு பார்வையாளரிடம் போய்ச் சேருவதற்குச் சின்னானின் கேலியும் ஒரு பாதை. அந்தக் கூத்தின் மெட்டு ஊரில் எல்லாருக்கும் தெரியும். வயலிலும் தோணியிலும் பாடக்கூடியது. பின்னால் இது எவ்வளவு பயன்பட்டது என்பதைக் கீழே காண்போம்.

இனி, இந்த மண்ணின் வரலாற்றுக் கதைகளுக்கு வருவோம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலில் நிற்கிறது கடற்கோட்டை. போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை இது. இதனோடு ஒட்டிய கதைதான் பூதத்தம்பி. ஒல்லாந்தர் ஆட்சியில் அதிகாரியாக இருந்த பூதத்தம்பியின் மனைவி அழகவல்லிமேல் கண் வைத்த தொன் மனுவேல் அந்திராதோ, வெற்றுத்தாளில் பூதத்தம்பியின் கையெழுத்தை வாங்கி, அதில் சதிக் கடிதம் எழுதி, அவனைக் கொலைக்களத்துக்கு அனுப்புகிறான். 18ஆம் நூற்றாண்டில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை இதைச் சொல்கிறது. அந்திராதோவை யானை அடித்துக் கொன்றதோடு கதை முடிகிறது. ஆனால் யாழ்ப்பாணத்தில் அந்நாளில் இருந்த ஒல்லாந்தக் குரு பால்தேயுவின் நூலில் இதே அந்திராதோ சதியைக் கண்டுபிடித்துக் காட்டிக்கொடுத்த விசுவாசமான படைத்தலைவன். ஆட்சியாளரின் குறிப்பில் நல்லவன், மக்களின் நாடகத்தில் கயவன்.

பூதத்தம்பி கதை கூத்தாகவும் இசை நாடகமாகவும் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் ஆடப்பட்டது. வெற்றுத்தாளில் இட்ட கையெழுத்து என்ற அந்த ஒன்றில்தான் இக்கதையின் உயிர் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆட்சி மாறும் காலத்தில் காகிதமே வாளாகிறது. சாதாரண மனிதன் எதைக் கண்டு அஞ்சினான் என்பதை வரலாற்று நூல்களைவிட இந்த நாடகம் நன்றாகக் காட்டுகிறது.

சங்கிலியன் கதையில் பிளவு வேறு விதமானது. 1544இல் மன்னாரில் மதம் மாறியவர்களைக் கொல்லுவித்த முதலாம் சங்கிலி, கத்தோலிக்கக் கூத்தில் கொடியவன். போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேராவிடம் 1619இல் தோற்று, கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்ட கடைசிச் சங்கிலி, இழந்த அரசின் சின்னம். நாடகங்களில் இருவரும் ஒருவராகக் குழைந்துவிடுவதும் உண்டு. ஒரே பெயர் ஓர் ஊரில் வேதசாட்சிகளின் கொலைகாரனையும் பக்கத்து ஊரில் மானம் காத்த மன்னனையும் குறித்தது. 1974இல் நல்லூர் முத்திரைச் சந்தியில் சிலை எழுந்தபோது இரண்டாவது சங்கிலியே பொதுச் சங்கிலி ஆனான்.

அதற்கு வழி செய்த எழுத்துகளில் முக்கியமானது பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையின் ‘சங்கிலி’. சிங்களம் மட்டும் சட்டம் வந்த 1956ஆம் ஆண்டிலேயே அது நூலாக வந்தது என்பதை மறக்கக்கூடாது. அதே கணபதிப்பிள்ளைதான் 1940இல் ‘நானாடகம்’ என்ற தொகுதியைத் தந்தவர். அதில் உள்ள ‘உடையார் மிடுக்கு’ காலனி ஆட்சியின் கிராமத் தலைமைக்காரனை அவனுடைய பேச்சாலேயே அம்பலப்படுத்துவது. பருத்தித்துறைப் பக்கத்துப் பேச்சுவழக்கை இவ்வளவு கூர்மையாக மேடைக்குக் கொண்டுவந்தவர் அவருக்கு முன் இல்லை. சமகாலத்தைப் பற்றி எழுதும்போது சிரிக்கிறார்; வரலாற்றைப் பற்றி எழுதும்போது நெற்றி சுருங்கிவிடுகிறது. செங்கை ஆழியானிலும் இதே பிரிவினையைக் காணலாம். ‘ஆச்சி பயணம் போகிறாள்’ சிரிக்கச் சிரிக்கச் செல்லும் நாவல். நெடுந்தீவுக் கடலோர வாழ்வைச் சொல்லும் ‘வாடைக்காற்று’ துயர நாவல். கடற்கோட்டையைப் பின்னணியாக்கி எழுதிய வரலாற்று நாவலிலோ ஆச்சியின் குரல் கேட்பதே இல்லை. இருவரும் நகைச்சுவையில் வல்லவர்கள். வரலாறு என்றதும் அந்த வல்லமையை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

தமிழ்நாட்டில் நிலைமை வேறாக இருந்தது. சோவின் ‘முகமது பின் துக்ளக்’ 1968இல் மேடையேறிச் சமகால அரசியலைச் சுல்தானின் பெயரால் கேலி செய்தது. 2006இல் சிம்புதேவனின் ‘இம்சை அரசன் 23ம் புலிகேசி’ வெள்ளைக்காரன் காலத்துப் பாளையத்தையே சிரிப்புக்கு இடமாக்கியது. ஆனால் துக்ளக் டில்லிக்காரன். புலிகேசி கற்பனை அரசன். கட்டபொம்மனை வைத்து அப்படி ஒரு படம் எடுக்க அங்கும் யாரும் துணியவில்லை. யாழ்ப்பாணத்துக்குச் சங்கிலியன் கட்டபொம்மனுக்குச் சமம். அரசை இழந்த சமூகம் தன் கடைசி அரசனைச் சிரிக்க விட்டுக்கொடுக்காது. அதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனமில்லை.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுபோனார். ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’ என்று வந்த தயாரிப்புகள் கூத்துக்கு மதிப்பைப் பெற்றுத் தந்தன. விடிய விடிய ஆடிய கூத்து ஓரிரு மணித்தியாலமாகச் சுருங்கியது. சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது எழுதாத வசனம்தானே? கூத்தைக் காப்பாற்றிய அந்தப் பெரும் பணிக்கு நாம் கொடுத்த விலைகளில் இதுவும் ஒன்று.

ஆனால் அதே காலத்தில் எதிர்த் திசையிலும் ஒரு நகர்வு நடந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலில் தாழ்த்தப்பட்டோர் நுழைவுப் போராட்டம் வெடித்தது. அதை வைத்து என். கே. ரகுநாதன் எழுதியதை அம்பலத்தாடிகள் என்ற நாடகக் குழுவினர் ‘கந்தன் கருணை’ என்று காத்தவராயன் கூத்து மெட்டில் ஆடினார்கள். தெய்வங்களே பாத்திரங்களாக வந்து, பூட்டிய கோயிலின் நியாயத்தைக் கேள்வி கேட்டன. சின்னானின் பாதை அரசியல் பாதையாகத் திறந்துகொண்டது. அடுத்த பத்தாண்டின் இறுதியில் க. பாலேந்திராவின் அவைக்காற்றுக் கலைக்கழகம் பிரெக்டின் நாடகமொன்றை ‘யுகதர்மம்’ என்று மேடையேற்றியது. கதை சொல்லும்போதே கதையிலிருந்து விலகி நின்று கேள்வி கேட்பது பிரெக்டின் முறை. கட்டியகாரனைப் பார்த்து வளர்ந்த யாழ்ப்பாணப் பார்வையாளருக்கு அது முற்றிலும் புதிதாக இருந்திருக்க முடியாது.

இந்த நீரோட்டம் 1980களில் போருக்குள் போய் முட்டிக்கொண்டது. 1985 மே 15ஆம் தேதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பயணிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டில்தான் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மேடையேறி, பின்பு ஊர் ஊராகப் போனது. ஈழத்து அரங்க வரலாற்றில் இதற்கு நிகரான வரவேற்பைப் பெற்ற தயாரிப்புகள் மிகக் குறைவு. கவிதை வரிகளும் கூட்டு அசைவுமாக அமைந்த அதன் அழுகையும் ஆவேசமும் அந்த நாளின் தேவை. குழந்தை சண்முகலிங்கம் சிரிக்கத் தெரியாதவர் அல்லர். ‘கூடி விளையாடு பாப்பா’வில் சிறுவரைத் துள்ள வைத்தவர். ஆனால் பிணம் வீட்டில் கிடக்கும்போது எவன் கட்டியம் கூறுவான்? பிறகு வந்த ‘அன்னை இட்ட தீ’, ‘எந்தையும் தாயும்’ ஆகியவை உளக்காயத்தையும் தனித்துப்போன முதியோரையும் பேசின. அந்த அரங்கில் எள்ளல் குறைந்ததற்குத் துயரம் ஒரு காரணம். அச்சம் இன்னொரு காரணம். துவக்கு வைத்திருந்தவர்களில் எந்தத் தரப்பும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதை அனுமதிக்கவில்லை.

1990 ஆகஸ்டில் இராணுவம் மண்டைதீவு, அல்லைப்பிட்டி, வேலணைப் பக்கமாகத் தீவுக்குள் நுழைந்தது. கொலைகளும் காணாமற்போதல்களும் நிகழ்ந்தன. சனம் வெளியேறியது. கூத்துக்கு அண்ணாவியார் மட்டும் போதாது. ஊர் வேண்டும், திருநாள் வேண்டும், விடிய விடிய விளக்கெரிய அமைதி வேண்டும். எல்லாம் ஒருசேரப் போயின.

அல்லைப்பிட்டியில் 1967இல் பிறந்தவர் ஷோபாசக்தி. கூத்து ஆடிய சூழலில் வளர்ந்து, பதின்வயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்துக்குப் போய், வெளியேறி, 1990களில் பாரிஸ் சேர்ந்தவர். 2001இல் வந்த அவருடைய ‘கொரில்லா’ நாவல், பிரான்சில் அகதித் தஞ்சம் கேட்டு நிராகரிக்கப்பட்டவன் எழுதும் விண்ணப்பமாகத் தொடங்குகிறது. விண்ணப்ப நடையில் ஒரு தீவகக் கிராமத்தின் கதை விரிகிறது. ஊரை மிரட்டும் சண்டியனான தகப்பன், அவனிடமிருந்து தப்ப இயக்கத்துக்குப் போகும் மகன், அந்த இயக்கத்தாலேயே தண்டிக்கப்படும் மகன். அடிக்குறிப்புகளில் மெய்யான வரலாறு ஓடுகிறது; மேலே கதை அதைக் கேலி செய்தபடி நடக்கிறது. எழுதிய பாட்டும் எழுதாத வசனமும் களரியில் நின்றதுபோல இங்கே ஆவணமும் பேச்சும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன. பூதத்தம்பியைக் கொன்ற காகிதம் முந்நூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகு அகதி விண்ணப்பமாக வந்திருக்கிறது. இந்த முறை அதை நிரப்புகிறவன் அகப்பட்ட மனிதனே. ‘கண்டி வீரன்’ கதையில் மரண தண்டனை விதிக்கப்பட்டும் தப்பிவிட்ட ஒருவனைப் பற்றிப் பேசும்போது, கொல்லும் அதிகாரத்தின் விறைப்பு முழுவதும் நகைப்புக்கிடமாகிறது. அரசுக்கும் விலக்கு இல்லை, இயக்கத்துக்கும் விலக்கு இல்லை. இதனால் அவர்மேல் கோபம் கொண்டவர்கள் பலர். ஆனால் சேவகன் அரசனைப் பார்த்துச் சிரித்தபோது ஊர் அதைப் பொறுத்துக்கொண்ட மரபு நமக்கு இருந்தது.

ஆகவே ஷோபாசக்தியின் எள்ளலை மேலைநாட்டு நாவல்களின் தாக்கம் என்று மட்டும் விளக்குவது போதாது. போரின் நடுவே போரைச் சிரித்த அரிஸ்தோபனிஸும் 1963இல் முதல் உலகப் போரைப் பாட்டும் கூத்துமாக்கிய லண்டன் நாடகக்காரர்களும் நமக்கு ஒப்பீட்டுக்கு உதவுவார்கள். ஆனால் வேரைத் தேட வேண்டிய இடம் தீவகத்தின் களரி.

அதற்குரிய ஆதாரங்களைத் திரட்டும் வேலை இன்னும் முறையாகத் தொடங்கவில்லை. அச்சில் வந்த கூத்து நூல்களில் விருத்தமும் தருவும் இருக்கின்றன. கட்டியகாரனும் சேவகனும் அந்தந்த இரவில் பேசிய பேச்சு அவற்றில் ஏறவில்லை. அந்தப் பேச்சைப் பேசியவர்களும் கேட்டவர்களும் ஊர்காவற்றுறையிலும் யாழ்ப்பாணத்திலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் முதுமையோடு இருக்கிறார்கள். பாட்டை மட்டும் பதிவு செய்யாமல், எந்தப் போர்க் காட்சியில் யார் என்ன சொல்லிச் சிரிக்க வைத்தார், அந்த ஆண்டில் ஊரில் என்ன நடந்திருந்தது என்று கேட்டு, ஆண்டும் ஊரும் குறித்து ஒலிப்பதிவு செய்ய வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் கற்கும் மாணவர்கள் தங்கள் ஆய்வேடுகளுக்கு இதை எடுத்துக்கொள்ளலாம். முதலில் போக வேண்டியது அண்ணாவிமாரிடம், அடுத்தது சேவகன் வேடம் கட்டியவர்களிடம்.