இரவை இரண்டாக்கிய விளக்கு

கேமரன் மலையில் கியா பார்ம் சந்தையைக் கடந்து இரவில் செல்வோர், சரிவுகளில் வரிசை வரிசையாக ஒளிரும் பந்தல்களைக் கண்டு ஏதோ திருவிழா என மயங்குவதுண்டு. அவை செவ்வந்தித் தோட்டங்கள். அங்கே விளக்கு எரிவது செடி பூப்பதற்காக அன்று; பூவாதிருப்பதற்காக.

செவ்வந்தி நீண்ட இரவை உணர்ந்து அரும்பு கட்டும் இயல்புடையது. நிலநடுக்கோட்டை அடுத்த இம்மலையிலோ ஆண்டு முழுவதும் இரவு ஏறக்குறைய 12 மணி நேரம். ஆகவே, தண்டு நீளுமுன்பே அரும்பு தோன்றிவிடும். குட்டைத் தண்டுப் பூவை ஜப்பானிய வணிகர் விரும்புவாரா? நள்ளிரவில் சில மணி நேரம் ஒளி பாய்ச்சினால், ஒரு நீண்ட இரவு இரண்டு குறுகிய இரவுகளாகிவிடுகிறது. செடியும் ஏமாந்து உயர்கிறது. போதிய உயரம் வந்ததும் விளக்கை நிறுத்திவிடுவர்.

பூப்பதற்கும் பகலின் நீளத்துக்கும் உள்ள தொடர்பைக் கார்னர், அல்லார்டு என்னும் அமெரிக்க அறிஞர்கள் 1920இல் புகையிலைச் செடியைக் கொண்டு வெளியிட்டனர். 1938இல் ஹாம்னரும் பானரும், செடி அளப்பது பகலை அன்று, இடையறாத இருளையே என்று காட்டினர். வியப்பு யாதெனில், ஒளிர்குழல் விளக்கு அமெரிக்கச் சந்தைக்கு வந்ததும் அதே 1938இல்தான்.

அவ்விளக்கின் வரலாறோ மிகப் பழையது. 1675இல் பிரெஞ்சு வானியலார் பிக்கார்டு பாரமானியை இருளில் தூக்கிச் சென்றபோது, அதன் பாதரசத்துக்கு மேலிருந்த வெற்றிடம் மினுங்கியது. 1857இல் ஜெர்மானியர் கைஸ்லர், காற்றழுத்தம் குறைத்த கண்ணாடிக் குழலில் மின்சாரம் செலுத்தி வண்ண ஒளி கண்டார். 1901இல் கூப்பர் ஹியூவிட் பாதரச ஆவி விளக்கைச் செய்தார். அதன் நீலப்பச்சை ஒளியில் மனித முகம் பிணக்களை கொண்டதால் வீடுகளில் அதற்கு இடமில்லை. பாதரச ஆவி உமிழும் புற ஊதாக் கதிரை, குழலின் உட்பூச்சு வெண்ணொளியாக்கிய பின்னரே அக்குறை நீங்கியது. சூடேறும் இழை விளக்கு உண்ணும் மின்சாரத்தில் கால் பங்கே இதற்குப் போதும். எனவேதான் மலர்த் தோட்டங்களிலும் சுருள் வடிவ ஒளிர்விளக்குகள் இழை விளக்கை வென்றன. இன்று அவற்றை எல்.இ.டி. வெல்கிறது.

மின்சாரமும் இம்மலைக்கு அயலானதன்று. டெலோம், பெர்த்தாம் ஆறுகளின் நீரை ரிங்லெட்டில் தேக்கும் நீர்மின் திட்டம் 1963இல் இயங்கத் தொடங்கிற்று.

எஞ்சியிருப்பது பாதரசம். ஒரு விளக்கில் சில மில்லிகிராமே உண்டு. ஆயினும் தோட்டமொன்றில் தொங்குபவை எத்தனை! பாதரசக் கழிவை மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிமுறைகள் அட்டவணைக் கழிவாக வகுத்தன. பொதுப் பயன்பாட்டு ஒளிர்குழல்களின் உற்பத்தியையும் வணிகத்தையும் 2027க்குள் நிறுத்த, மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் முடிவு செய்தன. ஆனால், பந்தலில் உடைந்த குமிழைக் கூட்டி அள்ளும் தொழிலாளிக்கு இதனை எடுத்துரைப்பவர் யார்? அதனை விளக்குமாற்றால் பெருக்கலாகாது. சற்று நேரம் காற்றோட விட்டு, தடித்த அட்டையால் சில்லுகளை வாரி, மூடியுள்ள கலத்தில் இட்டுத் தனியே ஒப்படைத்தல் வேண்டும்.